இஷென்பெக் போட்ட ரோடு

பிஷ்கெக்கில் பனி விழ ஆரம்பித்தால் ஊரே வெந்நீர் ஆபீசில் புகார் கேட்கும் எங்கள் அறையைத்தான் திட்டும். நேரில் வந்து அல்ல, போனில். வெந்நீர் வரவில்லை, ரேடியேட்டர் ஐஸ் மாதிரி கிடக்கிறது, பக்கத்து வீட்டுக்காரன் வால்வை மூடிவிட்டான் என்று எது நடந்தாலும் முதலில் எங்கள் காதில்தான் விழும். கோடையிலும் ஓய்வு கிடையாது. குழாய்களைச் சோதிக்கிறோம் என்று வெந்நீரை நிறுத்திவிடுவார்கள். ஜனங்கள் வாளியில் தண்ணீர் சுட வைத்துக்கொண்டே எங்களைச் சபிப்பார்கள்.

அந்த அறையில் எனக்கு அடுத்த நாற்காலி கனிஷாயுடையது. என்னைவிட மூத்தவள், அதனால் எனக்கு எஜே, அதாவது அக்கா. எங்களால் சமாளிக்க முடியாத ஆள் வந்தால் அழைப்பை அவள் பக்கம் தள்ளிவிடுவோம். தாழ்ந்த, அவசரமில்லாத குரல் அவளுக்கு. ஒருநாள் ஒருத்தன் போனே உடையும்படி கத்தினான்.

“உங்க டைரக்டரை வந்து என் வீட்டுல ஒரு ராத்திரி படுக்கச் சொல்லு! அப்பத் தெரியும்!”

“வரச் சொல்றேன் தம்பி. ஆனா அவர் ரொம்பக் குறட்டை விடுவார். பரவாயில்லையா?” என்றாள் எஜே.

அப்புறம் அவனே சிரித்துவிட்டான். எஜே, “சரி, குழந்தைங்க எந்த ரூம்ல தூங்குது? எல்லாரும் இன்னிக்கு ஒரே ரூம்ல படுங்க. ஆளை அனுப்பறேன்” என்று சொல்லி வைத்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள்.

அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு எப்படி இப்படி இருக்கிறாள் என்று எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். அவளே அதைப் பற்றி யோசித்ததில்லை. வேலை முடிந்ததும் நாங்கள் இருவரும் மின்கம்பியில் ஓடும் ஒரே டிராலி பஸ்ஸில் தெற்கே போவோம். எங்கள் குடியிருப்புகள் அடுத்தடுத்த நிறுத்தங்களில். அந்தத் தெருவின் இரண்டு பக்கமும் ஓக் மரங்கள். கிளைகள் பஸ்ஸின் கூரையை உரசும். ரோட்டோர வாய்க்காலில் மலைத் தண்ணீர் ஓடும். பஸ் மாட்டு வண்டி மாதிரிதான் போகும். எஜே ஜன்னலோரம் உட்கார்ந்து நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொள்வாள். நான் ஆபீஸ் வம்பு ஏதாவது ஆரம்பித்தால் கையைக் காட்டுவாள்.

“சும்மா இருடி உமுத். இப்ப நான் காதைக் கழுவிக்கிட்டிருக்கேன்.”

அது வேடிக்கைப் பேச்சு என்றுதான் நான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

பிறகு அந்தத் தெருவை அகலப்படுத்தினார்கள். ஏப்ரலில் மரங்கள் போயின, வாய்க்காலுக்கு மூடி வந்தது, டிராலி பஸ் கம்பிகளைச் சுருட்டி எடுத்துப்போனார்கள். வெட்ட வந்தபோது மரத்தடியில் சிலர் வெட்டாதே என்று அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் பஸ்ஸிலிருந்தே அவர்களைப் பார்த்துக்கொண்டு போனோம். உண்மையைச் சொன்னால் கனிஷாய் எஜே அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவள் வீட்டுக்காரர் இஷென்பெக் ஒப்பந்தக்காரரிடம் ரோடு ரோலர் ஓட்டுபவர். அந்த ரோட்டின் தெற்குப் பாதியை நசுக்கி மட்டமாக்கியவரே அவர்தான். அவள் வாணலி வாணலியாகப் போர்சோக் என்ற மாவுப் பண்டம் பொரித்து, சூடு ஆறாமல் துணியில் சுற்றி அந்த ஆட்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ரோடு திறந்ததும், டிராலி பஸ்ஸுக்குப் பதில் வந்த மர்ஷ்ருத்கா வேனில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம், “இது எங்க வீட்டுக்காரர் போட்டது. கையில தண்ணி டம்ளர் வச்சிருந்தாலும் சிந்தாது, பாருங்க” என்பாள்.

சிந்தவில்லைதான். பாதி நேரத்தில் வீடு போய்ச் சேர்ந்தோம். எல்லாருக்கும் சந்தோஷம்.

அந்தக் கோடையில்தான் அவளுக்கு என்னவோ ஆனது. முதலில் தூக்கம் போனது. பிறகு உட்கார முடியவில்லை. வீட்டுக்கு வந்து பையை வைத்த கையோடு ஜன்னலைத் திறப்பாள், மூடுவாள், திறப்பாள். தேநீர் ஊற்றிக்கொண்டு பாதி குடிக்காமலே எழுந்துவிடுவாள். மகள் பெகிமாய் ஒரு கதவைக் கொஞ்சம் சத்தமாகச் சாத்தினால் போதும், வீடு இரண்டாகும். வேனில் அவள் கால் சும்மா இருக்காது. முழங்கால் தானாக ஆடும். என் முழங்காலில் இடிக்கும். “எஜே, தையல் மிஷின் ஓட்டறீங்களா?” என்று கேட்டேன். முன்பானால் சிரித்திருப்பாள். அன்று, “உன் வேலையைப் பாரு” என்றாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தக் கொதிப்பு பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். வயசுதான் காரணம், நரம்புதான் காரணம் என்று தூக்கம் வர வலேரியன் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். வேலை செய்யும் இடத்தில் ஒருத்தி, கண் பட்டிருக்கிறது என்று அர்ச்சா என்ற மலைமரத்து இலையைப் புகைத்து அவள் தலையைச் சுற்றினாள். புகை எழுப்பாதே என்று மேற்பார்வையாளர் கத்தியதுதான் மிச்சம்.

ஆகஸ்டில் ஒரு நாள் வெந்நீர் நின்ற பகுதியிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார், அவ்வளவுதான். எஜே எழுந்து நின்றுகொண்டு, “குளிக்காட்டி நீங்க ஒண்ணும் செத்துடமாட்டீங்க! பச்சத் தண்ணியில குளிங்க, இல்ல நாறுங்க!” என்று சொல்லிப் போனை வைத்தாள். அறையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அவளோ போனையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது பேசியது மாதிரி.

எங்கள் அழைப்புகள் பதிவாகும். மேற்பார்வையாளர் அதைப் போட்டுக் காட்டினார். அவர் நல்ல மனிதர். “கனிஷாய், இது நீங்கதானா? போய்க் கொஞ்ச நாள் வீட்டுல இருங்க” என்றார்.

வீட்டில் இருந்த நாட்களில் அவள் நன்றாக இருந்தாள். தூங்கினாள், ஜாம் காய்ச்சினாள், பெகிமாயோடு கடைக்குப் போனாள். அதனால் எல்லாருமே ஒரு முடிவுக்கு வந்தோம்: எல்லாத்துக்கும் காரணம் அந்தப் போன்தான். இத்தனை வருஷ வசவு உள்ளே சேர்ந்து இப்போது வெடிக்கிறது. இஷென்பெக்கும், “விட்டுத் தொலை. நான் ஒருத்தன் சம்பாதிக்கறது போதும்” என்றார். திரும்பி வந்த அன்று அவள் ராஜினாமா பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அகலப்படுத்திய அந்தப் பெரிய ரோட்டில் குழாய் வெடித்துத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. எங்கள் ஆட்களுக்குத்தான் அழைப்பு. வேன்காரர் பாதி வழியில் கிழக்கே திருப்பி, பெரிய கால்வாய்க் கரையோரமாகப் போகும் பழைய தெருவுக்குள் விட்டார். ஒரு பக்கம் கால்வாயும் பாப்லர் மரங்களும், மறுபக்கம் தாழ்ந்த வீடுகள், வேலிக்கு வெளியே தலையை நீட்டிய ஆப்ரிகாட் கிளைகள். அத்தனை வண்டியும் அதே சந்தில் நுழைந்ததால் நகரவே இல்லை. வேனுக்குள் எல்லாரும் முனகினார்கள்.

“ஏம்ப்பா, இன்னிக்கு வீடு போய்ச் சேருவோமா, இல்ல இங்கயே கூடாரம் போடணுமா?” என்றார் பின்னால் இருந்தவர்.

“போடுங்க பைகே. ஆடு அறுத்தா என்னையும் கூப்பிடுங்க” என்றார் டிரைவர்.

நான் எஜேயைப் பார்த்தேன். நெற்றி கண்ணாடியில் சாய்ந்திருந்தது. முழங்கால் ஆடவில்லை.

மறுநாள் காலை அவள் நேராக என் மேஜைக்கு வந்தாள். “நேத்து ரொம்ப லேட்டாப் போனேன். சாப்பிட்டேன். படுத்தேன். காலையிலதான் முழிச்சேன்.” அன்று சாயங்காலத்துக்குள் குழாயைச் சரி பண்ணிவிட்டார்கள். வேன் வழக்கம்போலப் பெரிய ரோட்டில் பறந்தது. வெயில் நேராக முகத்தில். இரண்டு பக்கமும் விளம்பரப் பலகை, ஹாரன், தூசி. முந்திக்கொண்டு போன கார்க்காரனை டிரைவர் வாயில் வந்தபடி திட்டினார். அவள் முழங்கால் ஆட ஆரம்பித்தது. இருவரும் குனிந்து அதைப் பார்த்தோம்.

“போன் இல்லடி உமுத். இந்த ரோடு” என்றாள் மெதுவாக.

நான் சிரித்துவிட்டேன். “ரோடு என்ன எஜே பண்ணும்? அது பாட்டுக்குப் படுத்துக் கிடக்கு.”

“அது பாட்டுக்குக் கிடக்கு. நான்தான் கிடக்க முடியாமத் தவிக்கிறேன்.”

அதற்குப் பிறகு அவள் பாதி வழியில் இறங்க ஆரம்பித்தாள். சந்து வழியாகக் கால்வாய்க் கரைக்குப் போய், அதன் ஓரமாகவே தெற்கே நடந்து, வேறொரு வேன் பிடித்து வீட்டுக்குப் போவாள். முன்னைவிட ரொம்ப நேரம் ஆனது. ஆனால் அறையில் பழைய குரல் திரும்பி வந்தது. கத்துகிறவர்களை மறுபடி அவள் பக்கம் தள்ளினோம்.

வீட்டில்தான் கதை வேறு மாதிரி போனது. தினமும் தாமதம். கேட்டால், “நடந்து வந்தேன்” என்கிறாள். முகம் வேறு தெளிவாக இருக்கிறது. எந்தப் புருஷன்தான் சும்மா இருப்பான்? செப்டம்பரில் ஒரு நாள் இஷென்பெக் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். அவளைப் பார்க்க அல்ல, என்னை. கதவுக்குப் பின்னால் கூப்பிட்டு, “உமுத், உன்னைத் தங்கச்சியா நெனச்சுக் கேக்கறேன். யாரு அவன்?” என்றார்.

“எவன் பைகே?”

“நடிக்காத. சாயங்காலம் எங்க போறா?”

“மரம் பாக்கப் போறாங்க.”

“மரமா?” அவர் கழுத்து சிவந்தது. “எந்த மரம்? மீசை வச்ச மரமா?”

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அதனால் அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. அதற்குள் எஜேயே வெளியே வந்துவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். “வாங்க. இன்னிக்கு என்கூட வேன்ல வாங்க. நீங்களே பாத்துக்குங்க” என்றாள்.

மூவரும் ஏறினோம். அவருக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை, அவள் பக்கத்தில் தலை குனிந்து நின்றார். பெரிய ரோடு வந்ததும் சந்தேகத்தை மறந்துவிட்டார். அது அவர் ரோடு அல்லவா. “இந்த இடத்துல பூமி சதசதன்னு இருந்துச்சு. மூணு தடவ கல்லு கொட்டினோம். இப்பப் பாரு, கல்யாண மண்டபத் தரை மாதிரி இருக்கு” என்று ஜன்னல் பக்கம் கையை நீட்டினார். ஜன்னல் வழியாகச் சூடான காற்றும் புழுதியும் வந்தன. ஒரு பெண் ஜன்னலை மூடச் சொன்னாள், இன்னொருத்தி மூச்சு முட்டுகிறது என்று திறக்கச் சொன்னாள், இருவருக்கும் சண்டை. டிரைவர் பிரேக் போட்டதில் எல்லாரும் முன்னால் சாய்ந்தோம். இஷென்பெக் பேச்சை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே இருந்தவர், தன் சட்டைக் கையை யாரோ பிடித்திருப்பதை அப்போதுதான் பார்த்தார். அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. முழங்கால் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

“உனக்கு என்ன பண்ணுது?”

“ஒண்ணும் இல்ல. நீ போட்ட ரோடு நல்லாத்தான் இருக்கு. என்னாலதான் இதுல வர முடியல.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவரை ‘நீங்க’ தவிர வேறு சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்த ‘நீ’ வேனில் எல்லார் காதிலும் விழுந்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது. ராப்பகலாகத் தார்ச் சூட்டில் வெந்து போட்ட ரோடு. வேறு ஆணுக்காக விட்டுப்போனால்கூட இவ்வளவு வலித்திருக்காது போல. “நிறுத்துப்பா” என்றார். நடு ரோட்டில் இறங்கிவிட்டார்.

அவள் அவர் பின்னால் இறங்கவில்லை. நேராக வீட்டுக்குப் போய், எழுந்து எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். செப்டம்பர்தான், ஆனால் அன்று கோடை வெயில். அவர் அந்த ரோட்டில் ரோலரில் உட்கார்ந்து போயிருக்கிறார், லாரியில் போயிருக்கிறார். காலால் நடந்ததும் இல்லை, பயணியாக வேனில் போனதும் அன்றுதான். வந்து சேர்ந்தபோது கழுத்தும் காதும் தக்காளிச் சிவப்பு. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மகள் கொடுத்த தேநீரைக் குடித்தார், இன்னொன்று கேட்டார், அதையும் குடித்தார். காலணியைக் கழற்றிக்கொண்டே யாரையும் பார்க்காமல், “ஒரு எடத்துலகூட நெழல் இல்ல” என்றார். அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, சமாதானமும் இல்லை.

மறுநாளிலிருந்து ‘மீசை மரம்’ பேச்சை எடுக்கவில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்காகச் சண்டை போட்டார். “மரம் பாத்துட்டு வா, பரவாயில்ல. லாக்மன் நூடுல்ஸ் யாரு செய்யறது? மரமா?” கடைசியில் அவரும் பெகிமாயும் மாறி மாறிச் சமைத்தார்கள். அவர் பிசைந்த மாவில் நூடுல்ஸ் விரல் தடிமனாக வந்தது. எஜே அதை ஆபீசுக்குக் கொண்டுவந்து எங்களுக்குக் காட்டினாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். நவம்பரில் அந்தத் தாழ்ந்த வீடுகள் எல்லாம் நிலக்கரி அடுப்பு மூட்டின. கால்வாய்க் கரையில் புகை கழுத்தளவு நின்றது. தண்ணீரையும் நிறுத்திவிட்டார்கள், கால்வாயில் சேறும் பாட்டிலும். இரண்டு நாள் நடந்து பார்த்துவிட்டு இருமலோடு பெரிய ரோட்டுக்கே திரும்பினாள். குளிர்காலம் பூராவும் வேனில் நடு இருக்கையில், ஜன்னலைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். முழங்கால் ஆடும். நான் என் பையை அதன்மேல் வைத்துவிடுவேன். பனியில் ரோடு வேலை கிடையாது என்பதால் இஷென்பெக் சில நாள் பழைய காரில் வந்து கூட்டிக்கொண்டு போவார். சும்மா வீட்டுக்குப் போகாமல் தெற்கே மலைப் பக்கம், புகை கீழே தங்கிவிடும் உயரம் வரை ஓட்டுவார். அங்கே காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்களாம். பெட்ரோலுக்காக முணுமுணுத்துக்கொண்டேதான் எல்லாம். தினமும் அது முடியாது. முடியாத நாட்களில் அவளுக்குத் தூக்கம் இல்லை.

பனி உருகியதும் கரைக்கு ஓடினாள். ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, வெளிறிய முகத்தோடு வந்தாள். கால்வாய் ஓரத்து பாப்லர்களில் ஒவ்வொன்றின் இடுப்பிலும் சிவப்புப் பெயிண்ட்டில் குறி. நான் சமாதானமாக ஏதோ சொன்னேன். “நோய் வந்த மரத்துக்குப் போடற குறியா இருக்கும் எஜே.”

“அத்தனையும் ஒரே நாள்ல நோயில விழுந்துச்சா?”

இஷென்பெக் அன்றே விசாரித்துவிட்டார். அந்தத் தெருவையும் அகலப்படுத்தப் போகிறார்கள். ரோலருக்கு அவரையே கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் வேலை, தூரதேசம் போக வேண்டாம். அதை அவளிடம் அவரே சொன்னார், வேறு யாரும் சொல்வதற்கு முன்னால்.

“போவீங்களா?” என்றாள்.

“நான் போகலைன்னா வேற ஒருத்தன் ரோலர்ல ஏறப்போறான்.”

“அதான் கேட்டேன். போவீங்களா?”

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு நரீன் பக்கத்து மலைச் சாலை வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். கோடை முழுக்க வீட்டை விட்டு இருக்க வேண்டும். அவளுக்கு அதில் சந்தோஷமும் இல்லை. கரையில் நடக்கும்போதும் அமைதி வரவில்லை. “மரத்தைப் பாக்கறதே விட்டுப்போச்சுடி. குறியைத்தான் பாக்கறேன். குறி இருக்கா, மரம் இருக்கான்னு பாத்துக்கிட்டே வேகமா நடக்கறேன். வீட்டுக்கு வந்தா மூச்சு வாங்குது” என்றாள்.

நரீனுக்குக் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இஷென்பெக் என்னையும் கால்வாய்க் கரைக்கு வரச் சொன்னார். போனால், வேலைக்குப் போடும் ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு டப்பா தின்னரும் பழைய துணியுமாக நிற்கிறார். எனக்கும் எஜேக்கும் ஆளுக்கொரு மேல்சட்டை. சாயங்கால வெயிலில், ஊர் பார்க்க, முதல் மரத்தில் ஆரம்பித்தார். தின்னர் தோய்த்துத் தேய்த்ததும் சிவப்பு ரோஸ் ஆனது, ரோஸ் அழுக்கானது.

“மறுபடி வந்து அளந்து போடுவாங்களே” என்றாள் எஜே, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே.

“போடட்டும். அளக்கற மிஷின் ஒருத்தன்கிட்ட இருக்கும், ஸ்டாண்டு இன்னொருத்தன்கிட்ட இருக்கும், ரெண்டு பேரும் பேசிக்கமாட்டானுங்க. அவனுங்க வேகம் எனக்குத் தெரியும். நீ தேய்.”

எதிர்வீட்டுக் கதவு திறந்து ஒருவர் கம்பளித் தொப்பியோடு வந்தார். “என்ன பண்றீங்க?”

இஷென்பெக் நிமிர்ந்து, முதுகைத் தடவிக்கொண்டு, அதிகாரி குரலில் சொன்னார்: “அளவு தப்பாப் போட்டுட்டாங்க. திருத்தறோம்.”

அந்த ஆள் எங்கள் மேல்சட்டைகளையும், டப்பாவையும், எஜேயின் கையிலிருந்த துணியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தானும் ஒரு துணி எடுத்துவந்தார். “அப்ப எங்க வாசலுக்கு எதிர்ல நிக்கிற மூணு மரத்துக் குறியும் தப்புதான். வாங்க.”